பூஜை அலமாரியில் வைத்த வரிப்பணம்

கேள்வி: அன்புள்ள அக்காவுக்கு, என் வீட்டுக்காரர் நகராட்சியில் பில் கலெக்டர். பதினாறு வருட சர்வீஸில் ஒரு கெட்ட பெயர் கிடையாது. போன வாரம் ஆணையர் கையெழுத்தில் குற்றச்சாட்டு மெமோ வந்திருக்கிறது. வசூலித்த சொத்துவரியை உரிய நாளில் கட்டாமல் தாமதம் செய்ததாக மூன்று தேதிகளைப் போட்டு, பதினைந்து நாளில் விளக்கம் கேட்டிருக்கிறார்கள். ஆடிட்டில் வந்ததாம். உண்மையில் புதிதாக வந்த மேலாளருக்கு இவரைப் பிடிக்காது, அவர்தான் பழிவாங்குகிறார். ஒரு ரூபாய் குறையாமல் கட்டியாகிவிட்டது. மகளின் ஸ்கூல் பீஸுக்கு வசூல் பணத்தில் 6,500 எடுத்ததைக்கூட, சீட்டுப் பணம் வந்ததும் புதன்கிழமையே பூஜை அலமாரியில் திரும்ப வைத்துவிட்டோம். ஆபீஸில் ஒரு பெரியவர், காய்ச்சல் என்று மெடிக்கல் சர்டிபிகேட் வைத்துப் பதில் கொடுத்தால் முடிந்துவிடும் என்கிறார். என் அண்ணனுக்கு வார்டு கவுன்சிலரை நன்றாகத் தெரியும். அவரை ஆணையரிடம் பேசச் சொல்லலாமா? இல்லை, டிரான்ஸ்பர் வாங்கிக்கொண்டு வேறு ஊருக்குப் போய்விடலாமா? இரண்டு பேருக்கும் தூக்கமே இல்லை.

- பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்:

சகோதரி, உங்கள் கடிதம் நான்கு பக்கம். இடம் கருதிச் சுருக்கியிருக்கிறேன். அதில் மூன்று பக்கம் மேலாளரைப் பற்றியது. 6,500 ரூபாய்க்கு நீங்கள் ஒதுக்கியது ஒரே ஒரு வரி. நான் அந்த வரியைப் பற்றித்தான் பேசப்போகிறேன்.

"எடுத்ததைக்கூட" என்று எழுதியிருக்கிறீர்கள். அந்தக் "கூட" என்னை உறுத்திக்கொண்டே இருக்கிறது. எடுத்தது ஒரு பொருட்டே இல்லை, திரும்ப வைத்ததுதான் பெரிய காரியம் என்பது போல் அந்தச் சொல் வந்து விழுந்திருக்கிறது. அக்கம்பக்கத்தில் கைமாற்று வாங்கித் திருப்பிக் கொடுத்தால் அப்படிச் சொல்லலாம். நீங்கள் யாரிடம் கேட்டு வாங்கினீர்கள்? கடைக்காரர் பணத்தைக் கொடுத்து, ரசீதில் உங்கள் வீட்டுக்காரர் கையெழுத்துப் போட்ட நொடியிலேயே அது நகராட்சியின் பணம். அவர் அதைக் கொண்டுபோய்ச் சேர்க்கிறவர், அவ்வளவுதான். அவருக்கே அதில் உரிமை இல்லை என்னும்போது உங்கள் வீட்டு அலமாரிக்கு எப்படி வந்தது?

வசூலித்ததை அன்றைக்கே கட்ட வேண்டும். கவுண்ட்டர் மூடியிருந்தால் அடுத்த வேலைநாள் காலையில் முதல் வேலை அதுதான். அவர் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் 1920-ஆம் வருட நகராட்சிச் சட்டம் நடப்பில் இருந்தது. 2023 ஏப்ரலில் அது போய், 1998-இல் போட்ட நகர்ப்புற உள்ளாட்சிச் சட்டமும் அதற்கான புது விதிகளும் நடைமுறைக்கு வந்தன. பதவிகள், அதிகாரங்கள், வரி விதிக்கும் முறை என்று எத்தனையோ மாறின. வசூலித்த பணத்தைச் சொந்தச் செலவுக்குத் தொடக்கூடாது என்பது மட்டும் அன்றும் இன்றும் ஒன்றுதான். எடுத்துவிட்டுத் திரும்ப வைப்பதற்கு ஆபீஸ் பாஷையில் "தற்காலிகக் கையாடல்" என்று பெயர். தற்காலிகம் என்ற சொல் முன்னால் இருப்பதால் பின்னால் இருக்கும் சொல் இல்லாமல் போய்விடாது.

தொகை சின்னது என்றும் நினைக்காதீர்கள். பஸ் கண்டக்டர்கள் டிக்கெட் பணத்தில் கைவைத்த வழக்குகளில் உச்ச நீதிமன்றம் பல தடவை சொன்ன விஷயம் இது. எவ்வளவு எடுத்தார் என்பது பேச்சில்லை, அவரை நம்பிப் பணத்தைக் கொடுத்திருந்தார்கள் என்பதுதான் பேச்சு. சில ரூபாய்களுக்காக வேலையே போன கண்டக்டர்கள் உண்டு. அரசு ஊழியர் நம்பிக்கை மோசடி செய்தால் பாரதிய நியாய சன்ஹிதாவில் 316(5) என்ற பிரிவு இருக்கிறது, பழைய தண்டனைச் சட்டத்தில் 409. ஆயுள் தண்டனை வரைக்கும் இடம் கொடுக்கும் பிரிவு அது. உங்கள் விஷயம் அவ்வளவு தூரம் போகும் என்று நான் சொல்லவில்லை. பணம் முழுவதும் கட்டப்பட்டிருக்கிறது, பதினாறு வருடம் சுத்தமான சர்வீஸ் இருக்கிறது, இரண்டும் தண்டனையைக் குறைக்கும். ஆனால் எதன்மேல் நின்றுகொண்டு மேலாளரைத் திட்டுகிறீர்கள் என்று தெரிந்துகொண்டு திட்டுங்கள்.

அந்த மேலாளர் நல்லவரா கெட்டவரா எனக்குத் தெரியாது. மெமோ எப்படி வந்தது என்று நீங்களே சொல்லிவிட்டீர்கள்: ஆடிட்டில். உள்ளாட்சி நிதித் தணிக்கைக்காரர்கள் நகராட்சியின் ஆட்கள் இல்லை, அவர்கள் நிதித்துறையின் கீழ் வருகிறவர்கள். ரசீதுப் புத்தகத்தின் அடிக்கட்டையை ஒரு பக்கம், செலானை இன்னொரு பக்கம் வைத்துத் தேதியைப் பார்ப்பார்கள். அடிக்கட்டையில் வெள்ளிக்கிழமை, செலானில் அடுத்த வாரம் வியாழக்கிழமை என்றால் நடுவில் பணம் எங்கே இருந்தது என்று கேட்பார்கள். அந்தக் கேள்வியை எழுத மேலாளரின் விரோதம் தேவையே இல்லை.

இன்னொன்று. மெமோவில் மூன்று தேதி என்கிறீர்கள். ஒன்றுக்குத்தான் கணக்குச் சொல்லியிருக்கிறீர்கள். மற்ற இரண்டு? உங்களுக்குத் தெரிந்து எழுதாமல் விட்டீர்களா, உங்களுக்கே தெரியாதா? தெரியாது என்றால், மேலாளரைப் பற்றி மூன்று பக்கம் எழுதிய நேரத்தில் வீட்டுக்காரரிடம் அதைக் கேட்டிருக்க வேண்டும். ஒரு தடவை எடுத்து, வைத்து, யாருக்கும் தெரியாமல் போய்விட்டால் அடுத்த தடவை கை தானாகப் போகும். பள்ளிக்கூட பீஸ், அப்புறம் ஆஸ்பத்திரிச் செலவு, அப்புறம் மைத்துனர் வீட்டு விசேஷம். இந்தப் பகுதிக்கு இதே மாதிரி கடிதங்கள் வருடக்கணக்காக வருகின்றன. ரேஷன் கடை, கூட்டுறவுச் சங்கம், கோயில் ஆபீஸ் என்று இடம்தான் வேறு. எல்லாவற்றிலும் "ஒரே ஒரு தடவை" என்றுதான் எழுதுகிறார்கள்.

என் அப்பா ஒரு சிறு ஊரில் சங்கத்தில் வசூல் எழுத்தராக இருந்தவர். சாயங்காலம் ஆபீஸ் பூட்டியபிறகு யாராவது வழியில் நிறுத்திப் பணம் கொடுத்தால் வாங்கமாட்டார். மீறி வாங்க வேண்டி வந்தால் சைக்கிளைத் திருப்பிக்கொண்டு போய், செயலாளரை எழுப்பி, இரும்புப் பெட்டியில் வைத்துவிட்டுத்தான் வீட்டுக்கு வருவார். ஒருநாள் மழையில் அது முடியாமல் மஞ்சள் பையோடு வந்துவிட்டார். அம்மா அந்தப் பையை வீட்டுக்குள்ளேயே விடவில்லை. "அது நம்ம வீட்டுக் காசு இல்லை, இங்கே படுக்க வேண்டாம்" என்று சொல்லி, அப்பாவைத் திண்ணையிலேயே பையோடு படுக்கவைத்தார். அன்றைக்கு எங்கள் வீட்டில் அரிசி வாங்கக் காசில்லை என்பது எனக்குப் பின்னாளில்தான் தெரிந்தது. அம்மா பள்ளிக்கூடம் போனதில்லை, நடத்தை விதிகள் என்று ஒன்று இருப்பதே அவருக்குத் தெரியாது.

அதனால்தான் கேட்கிறேன். முதல் தப்பு உங்கள் வீட்டுக்காரருடையது, ஊர்ப்பணத்தை வீட்டுக்குக் கொண்டுவந்தார். ஆனால் சாமிக்குப் பக்கத்தில் வைக்க இடம் கொடுத்தது நீங்கள். பீஸுக்குப் பணம் தேடியபோது அந்த அலமாரியைத் திறந்த கை யாருடையது என்று கடிதத்தில் இல்லை. யாருடையதாக இருந்தாலும் மற்றவர் "வேண்டாம்" என்று சொல்லியிருக்க வேண்டும். புருஷன் பெண்டாட்டி என்றால் ஒருவர் சறுக்கும்போது ஒருவர் பிடிக்க வேண்டாமா? காதில் கிடப்பதை அடகு வைத்திருக்கலாம். பள்ளிக்கூடத்தில் பத்து நாள் தவணை கேட்டிருக்கலாம். அது அவமானமாகத் தோன்றியிருக்கிறது உங்களுக்கு. எனக்கு அது புரிகிறது, ஆனால் ஏற்க முடியவில்லை. அந்த 6,500 ரூபாய் வார்டில் யாரோ ஒரு டீக்கடைக்காரரும் இட்லிக் கடை அம்மாவும் அரையாண்டு வரியாகக் கொடுத்தது. தெருவிளக்கும் குடிதண்ணீரும் விடிகாலையில் உங்கள் தெருவைக் கூட்டுகிறவரின் கூலியும் அதிலிருந்துதான் போக வேண்டும்.

சரி, நீங்கள் கேட்ட மூன்றுக்கும் வருகிறேன்.

மெடிக்கல் சர்டிபிகேட் கூடவே கூடாது. அந்த நாட்களில் அவர் வார்டுக்குப் போய் வேறு ரசீது எழுதியிருந்தால் அடிக்கட்டையே அவரைக் காட்டிக்கொடுத்துவிடும். வருகைப் பதிவேட்டிலும் கையெழுத்து இருக்கும். இப்போது இருப்பது தாமதம் என்ற குற்றச்சாட்டு. பொய்ச் சான்றிதழ் வைத்தால் அது தனிக் குற்றம், எழுதிக்கொடுத்த டாக்டரும் மாட்டுவார். யோசனை சொன்ன பெரியவர் விசாரணைக்கு வந்து பக்கத்தில் உட்காரப்போவதில்லை.

கவுன்சிலரை அனுப்பாதீர்கள். ஊழியர் தன் வேலை விஷயத்தில் வெளியாள் செல்வாக்கைக் கொண்டுவருவதே நடத்தை விதிகளுக்கு விரோதம். ஒழுங்கு நடவடிக்கை கவுன்சிலர் கையில் இல்லை. அவர் பேசி நாளைக்கு அது ஃபைலில் ஏறினால் உங்கள் வீட்டுக்காரர் பேரில்தான் இன்னொரு குற்றச்சாட்டு வரும். உங்கள் அண்ணனிடமும் இதைச் சொல்லிவிடுங்கள், அவர் பாசத்தில் முந்திக்கொண்டு போய்விடப் போகிறார்.

டிரான்ஸ்பரால் ஒன்றும் ஆகாது. ஃபைல் பின்னாலேயே வரும். மெமோ நிலுவையில் இருக்கும்வரை பதவி உயர்வுப் பட்டியலில் பெயர் வருவதும் கஷ்டம்.

செய்ய வேண்டியது வேறு. பதினைந்து நாளில் ஒரு வாரம் போய்விட்டது. நாளைக்கே அவர் எழுத்தில் மனு கொடுக்கட்டும்: குற்றச்சாட்டுக்கு ஆதாரமாக வைத்த ஆவணங்களின் நகல் வேண்டும், தணிக்கைக் குறிப்பு வேண்டும், பார்த்துப் பதில் எழுதக் கால அவகாசம் வேண்டும். இது அவருடைய உரிமை, கெஞ்சல் இல்லை. மனுவின் நகலில் தபால் பிரிவு முத்திரை வாங்கிவைத்துக்கொள்ளட்டும். அடுத்து, சர்வீஸ் வழக்கு பார்க்கும் ஒரு வக்கீலிடம் இரண்டு பேரும் சேர்ந்து போங்கள். மூன்று தேதிகளுக்கும் நடந்ததை மறைக்காமல் சொல்லுங்கள். போலீஸ் நடவடிக்கைக்கும் இடமிருக்கிற விஷயம் என்பதால் அவரைக் கேட்காமல் ஒரு வரிகூட எழுதிக் கொடுக்க வேண்டாம். எதைச் சொல்வது, எவ்வளவு சொல்வது என்பதை அவர் பார்த்துக்கொள்வார். ஆனால் எழுதிக் கொடுப்பதில் பொய் இருக்கக்கூடாது. "பொய்யே சொல்லிவிடலாம்" என்கிற வக்கீலாக இருந்தால் எழுந்து வந்துவிடுங்கள். கண்டனத்தோடு போகலாம், ஊதிய உயர்வை நிறுத்தலாம், அதைவிடப் பெரிதாகவும் வரலாம். சஸ்பெண்ட் செய்தால் பிழைப்பூதியம் வரும், அதில் குடும்பம் நடத்தப் பழகிக்கொள்ளுங்கள். தண்டனை அதிகம் என்று தோன்றினால் மேல்முறையீடு செய்ய வழி இருக்கிறது. உண்மையை எழுதியவர் அங்கே போய் நிமிர்ந்து நின்று பேசலாம்.

அந்தப் பூஜை அலமாரியில் இனிமேல் விளக்கும் படமும் மட்டும் இருக்கட்டும். கவுண்ட்டர் மூடும் நேரத்துக்கு அப்புறம் ரொக்கம் வாங்கமாட்டேன் என்று அவர் கடைக்காரர்களிடம் சொல்லிவிடட்டும். கார்டோ ஆன்லைனோ இருக்கிறது, இல்லாவிட்டால் மறுநாள் வரட்டும்.

உங்கள் மகளைப் பற்றி ஒன்றுமே எழுதவில்லை நீங்கள். பீஸ் கட்டுகிற வயதுப் பெண் என்றால் வீட்டில் நடப்பது தெரியாத வயது இல்லை. அலமாரியிலிருந்து பணம் எடுத்ததை அவள் பார்த்திருப்பாள். இப்போது அப்பா ராத்திரியில் தூங்காமல் நடப்பதையும் பார்க்கிறாள், மேலாளர் கெட்டவர் என்று நீங்கள் பேசுவதையும் கேட்கிறாள். பதில் மனுவில் கையெழுத்துப் போடுவதற்கு முந்தின நாள் ராத்திரி, சாப்பிட்டு முடித்தபிறகு, மூன்று பேரும் உட்காருங்கள். அந்தத் தடவை அவளுடைய பீஸ் எங்கிருந்து வந்தது என்று அவள் அப்பா தன் வாயால் அவளிடம் சொல்லட்டும். நீங்கள் பக்கத்திலேயே இருங்கள். குறுக்கே பேசாதீர்கள்.