கிறிஸ்து பிறப்புக்கு முன் நான்கு ஞாயிறுகளைக் கொண்ட திருவருகைக் காலமும், உயிர்ப்புப் பெருவிழாவுக்கு முந்தைய தவக்காலத்தைப் போல நோன்புக் காலமா? குருவுக்கு ஏன் ஊதா உடை?

ஊதா நிறம் இரண்டுக்கும் பொது. அதனால்தான் இந்தக் குழப்பம் வருகிறது. ஆனால் தவக்காலத்தில் நிறுத்தப்படும் 'அல்லேலூயா' திருவருகைக் காலத்தில் தொடர்ந்து ஒலிக்கும். மனம் திரும்புதல் இதிலும் உண்டு. ஆனால் அது விருந்தாளி வருமுன் வீட்டைக் கூட்டிப் பெருக்குவதைப் போன்றது. துக்கத்தின் சாயல் அதில் இல்லை. 'உன்னதங்களிலே' கீதத்தை மட்டும் பாடாமல் வைத்திருக்கிறோம். வானதூதர்களின் அந்தப் பாடல் கிறிஸ்து பிறப்பு இரவில் புதிதாக ஒலிக்க வேண்டும் அல்லவா?

காத்திருப்பதைக் கண்ணால் காட்டியவர் ஜெர்மானியப் போதகர் யோகான் ஹின்ரிக் விக்கெர்ன். ஹாம்பர்க்கில் ஏழைச் சிறுவர்களுக்கான இல்லத்தை நடத்திவந்த அவர், 1839இல் ஒரு பழைய வண்டிச் சக்கரத்தில் 4 பெரிய வெள்ளை மெழுகுவர்த்திகளையும் 20 சிறிய சிவப்பு மெழுகுவர்த்திகளையும் பொருத்தினார். ஞாயிறுக்குப் பெரியது, மற்ற நாள்களுக்குச் சிறியது. இன்று நம் பீடத்தருகே இருக்கும் நான்கு மெழுகுவர்த்தி வளையம் அதிலிருந்து வந்ததுதான். எனக்கு மிகவும் பிடித்தது, குளிர்காலப் பகல் குறுகிக்கொண்டே போகும் ஊரில் அந்தச் சக்கரத்தின் வெளிச்சம் மட்டும் நாளுக்கு நாள் கூடியதுதான்.

இன்னொன்று: முதல் ஞாயிறு வாசகம் குழந்தை இயேசுவைப் பற்றியதன்று. 'விழிப்பாயிருங்கள்' என்று அவரது இரண்டாம் வருகையைப் பேசுகிறது. பெத்லகேமை நோக்கிய வாசகங்கள் டிசம்பர் 17 முதல்தான் நெருங்கி வரும். எனவே முதல் வாரங்களில் கிறிஸ்து பிறப்புக் குடில் வேலையை ஒதுக்கிவைத்துவிட்டு, பேசாமலிருக்கும் உறவினர் ஒருவரைப் போய்ப் பாருங்கள்.