உயர்தர உணவகத்தில் நம் ஊர்ச் சோறு: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: தென் கரோலினாவின் சார்ல்ஸ்டன் நகரில் மகள் வீட்டுக்குப் போயிருந்தபோது, அமெரிக்கத் தென்மாநிலச் சமையலுக்குப் பேர்போன ஓர் உயர்தர உணவகத்துக்கு எங்களை அழைத்துச் சென்றார்கள். இறால் போட்ட மக்காச்சோளக் கஞ்சியும், காராமணிச் சோறும், வெண்டைக்காயும் வந்தன. கிராமத்துச் சாப்பாட்டுக்கு இவ்வளவு விலையா என்று திகைத்துப் போனேன். நம் தஞ்சைப் பகுதியில் அப்படி ஓர் உணவகம் வைத்தால் எடுபடுமா?
– வாசகி, மன்னார்குடி

பதில்: எடுபடும். ஆனால், அங்கே நீங்கள் விலை கொடுத்தது எதற்கு என்பதை முதலில் தெரிந்துகொள்ள வேண்டும். சார்ல்ஸ்டனைச் சுற்றியுள்ள கடலோரத் தாழ்நிலமும் நம்முடையதைப் போலவே நெல் விளைந்த பூமி. ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாகக் கொண்டுவரப்பட்ட மக்கள், தங்கள் உழைப்பாலும் நெல் பற்றிய அறிவாலும் கரை எழுப்பி, மதகு வைத்து, ஆற்றில் ஏறி இறங்கும் ஓத நீரைக் கொண்டு அங்கே நெல் விளைவித்தார்கள். ‘கரோலினா கோல்டு’ என்ற அந்த நெல்லின் வாணிப வேளாண்மை இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அற்றுப்போனது. 1980-களில்தான் விதை வங்கியில் இருந்த விதையைக் கொண்டு அதை மீட்டார்கள். 2010-ல் சார்ல்ஸ்டனில் தொடங்கப்பட்ட ‘ஹஸ்க்’ உணவகத்தில் சமையற்கலைஞர் ஷான் பிராக், தென்மாநிலங்களில் விளையாத எதுவும் தன் சமையலறைக்குள் வரக்கூடாது என்று விதி வகுத்து, ஆலிவ் எண்ணெயைக்கூட விலக்கி வைத்தார். எந்தப் பொருள் யாரிடமிருந்து வந்தது என்பதை வாசலிலேயே பலகையில் எழுதியும் வைத்தார்கள். அப்படிப்பட்ட இடத்தில் நீங்கள் கொடுக்கும் பணத்தில் ஒரு பங்கு, அழிந்துபோக இருந்த நெல்லை மறுபடி விதைக்கத் துணிந்த உழவருக்குப் போய்ச் சேருகிறது. வெறும் அலங்காரத்துக்கு அந்த விலை கொடுத்தால்தான் நாம் வருந்த வேண்டும்.

இந்த அளவுகோலை அப்படியே நம் பக்கம் திருப்புங்கள். திருத்துறைப்பூண்டியை அடுத்த ஆதிரெங்கத்தில் நெல் ஜெயராமன் நெல் திருவிழா நடத்தி, நூற்றுக்கும் மேற்பட்ட பாரம்பரிய நெல் வகைகளை உழவர் கைக்குத் திரும்பக் கொண்டுவந்தார். அவர் 2018-ல் மறைந்தார். அவருக்கு வழிகாட்டிய இயற்கை வேளாண் அறிஞர் நம்மாழ்வாரும் தஞ்சை மாவட்டத்தில் பிறந்தவரே. ஆக, விதை நம்மிடம் இருக்கிறது, விளைவிப்பவர்களும் இருக்கிறார்கள். அப்படியிருந்தும் பாரம்பரியம் என்று விளம்பரம் செய்யும் உணவகங்களில் பல, தேக்குத் தூணும் ஆத்தங்குடித் தரைக்கல்லும் பித்தளைத் தட்டும் வைத்துவிட்டு, எந்த ஊரிலும் கிடைக்கும் பொன்னி அரிசியைத்தான் வடிக்கின்றன. இது எனக்கு மிகுந்த வருத்தம் தருகிறது. சாப்பாட்டுக்குத் தூயமல்லி, பிரியாணிக்குச் சீரகச் சம்பா, காலையில் புட்டுக்கோ கஞ்சிக்கோ மாப்பிள்ளைச் சம்பா என்று மூன்று அரிசிகளை மட்டும் பெயர் சொல்லிப் பரிமாறினாலே அந்த உணவகம் தனித்துத் தெரியும். உட்கார்ந்தவுடன், “இது என்ன அரிசி, எந்த ஊர் நெல், பழைய அரிசியா?” என்று கேளுங்கள். புது அரிசி குழையும் என்பது டெல்டாவில் பிறந்த நமக்குத் தெரியும், அதைச் சமையற்காரரும் அறிந்திருக்க வேண்டும். இந்தக் கேள்விக்கு மேலாளர் முகம் மலர்ந்து பதில் சொன்னால், மற்றவற்றை நம்பிச் சாப்பிடலாம்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அமெரிக்கத் தென்மாநிலச் சமையலை உருவாக்கியவர்களில் பெரும்பங்கு கறுப்பின மக்களுடையது. அதை உரக்கச் சொன்னவர்களுள், அடிமைத்தளையிலிருந்து விடுபட்ட குடும்பத்தின் பேத்தியான சமையற்கலைஞர் எட்னா லூயிஸ் முக்கியமானவர். நம் உயர்தர உணவகங்கள் தஞ்சைச் சமையல் என்றால் மராட்டிய அரண்மனையையும் அக்கிரகாரத்தையும் மட்டுமே காட்டுகின்றன. நாற்று நட்டவர்களும் களையெடுத்தவர்களும் உண்ட வயல் நண்டுக் குழம்பும், நத்தைக் கறியும், கருவாடும், வரப்புக் கீரையும், பழைய சோறும் அவற்றின் மெனு அட்டையில் இல்லை. அவற்றையும் அதே மரியாதையோடு, அதே மேசையில் வைக்கும் உணவகம்தான் இந்த மண்ணின் பெயரைச் சொல்லத் தகுதி பெற்றது என்பது என் உறுதியான கருத்து.

கேள்வி: அப்பாவின் அறுபதாம் கல்யாணத்துக்காகக் குடும்பத்தோடு திருக்கடையூர் வருகிறோம். மறுநாள் ஒரு நல்ல ஓட்டலில் எல்லோரும் சேர்ந்து சாப்பிட விரும்புகிறோம். இந்தப் பகுதிக்கே உரியவையாக என்னென்ன கேட்கலாம்?
– வாசகர், கோயம்புத்தூர்

பதில்: பக்கத்திலேயே தரங்கம்பாடி இருக்கிறது. 1620-ல் டேனியர்கள் கோட்டை கட்டிய கடற்கரை ஊர் அது, அங்கே பழைய காலனிக் கட்டடத்தில் தங்கும் விடுதியும் உணவும் உண்டு. கும்பகோணம், தஞ்சாவூர் பக்கமும் பழைய வீடுகளையும் மாளிகைகளையும் புதுப்பித்து நடத்தும் விடுதிகள் இருக்கின்றன. எங்கே போனாலும், முதல் நாளே தொலைபேசியில் அழைத்துச் சமையலறையில் பேசிவிடுங்கள், ஏனென்றால் நல்ல பதார்த்தங்கள் பெரும்பாலும் மெனு அட்டையில் இருப்பதில்லை.

காலை இட்லிக்குக் கும்பகோணம் கடப்பா கேளுங்கள். பாசிப்பருப்பும் உருளைக்கிழங்கும் வேகவைத்து, தேங்காயும் சோம்பும் அரைத்து விட்டுச் செய்வது அது. மதியத்துக்குக் கத்தரிக்காய் ரசவாங்கியும், வறுத்த உளுந்து மாவைத் தயிரில் கரைத்துத் தாளிக்கும் டாங்கர் பச்சடியும் கேளுங்கள். டாங்கர் பச்சடியை அன்றன்றைக்குப் புதிதாகக் கரைத்தால்தான் மணக்கும், வைத்திருந்தால் இறுகிவிடும். இனிப்புக்குத் திருவையாற்று அசோகா. பாசிப்பருப்பும் நெய்யும் சேர்ந்த அதைச் சூடாகத் தர முடியுமா என்று கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். இத்தனையையும் விட்டுவிட்டுப் பன்னீர் பட்டர் மசாலா வாங்கிச் சாப்பிட்டுத் திரும்பினால், இவ்வளவு தூரம் வந்த பயணம் வீண்.

கேள்வி: மே மாதத்தில் ஒரு பெரிய ஓட்டலில் நாகப்பட்டினம் வஞ்சிரம் என்று சொல்லி வறுவல் கொடுத்தார்கள். உலர்ந்துபோய்ச் சக்கையாக இருந்தது. நாகைக்கு இவ்வளவு அருகில் இருந்தும் ஏன் இப்படி?
– வாசகர், திருவாரூர்

பதில்: கிழக்குக் கடற்கரையில் ஒவ்வோர் ஆண்டும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, மீன்களின் இனப்பெருக்கத்துக்காக 61 நாட்கள் விசைப்படகு மீன்பிடிப்புக்குத் தடை உண்டு. அந்த நாட்களில் நாட்டுப்படகுகள் கொண்டுவரும் சிறிதளவு மீனைத் தவிர, மற்றவை வெளியூரிலிருந்து பனிக்கட்டியில் வந்தவையாகவோ உறைய வைத்தவையாகவோதான் இருக்கும். கோடையில் குளம் இறைக்கும் காலமாதலால், அப்போது விரால் குழம்பு கேட்பதே புத்திசாலித்தனம். தடைக்காலம் என்று தெரிந்தும் நாகை மீன் என்று சொல்லி விற்கும் உணவகத்தைவிட, “இன்று கடல்மீன் நன்றாக இல்லை, வேறு சாப்பிடுங்கள்” என்று சொல்லும் உணவகத்துக்கு மறுபடியும் போங்கள்.

கேள்வி: என் மாமனாருக்கும் மாமியாருக்கும் இத்தகைய ஓட்டல்கள் கூச்சம் தருகின்றன. கிண்ணத்தில் கொஞ்சம் கொஞ்சமாக வைப்பதும், முள்கரண்டியும் அவர்களுக்குப் பிடிக்கவில்லை. அழைத்துப் போவதா, வேண்டாமா?
– வாசகி, மயிலாடுதுறை

பதில்: தயங்காமல் அழைத்துப் போங்கள். அவர்களுடைய சங்கடத்துக்குக் காரணம் இடமல்ல, பரிமாறும் முறை. பருப்பு நெய், குழம்பு, ரசம், மோர் என்ற வரிசையில் சோறு கேட்டுக் கேட்டுப் போடப்பட்டு வளர்ந்தவர்களுக்கு, அலங்கரித்துக் கொண்டுவரும் ஒருபிடிச் சோறு சாப்பாடாகவே தோன்றாது. மேசையைப் பதிவு செய்யும்போதே இலை போட்டுப் பரிமாற வேண்டும், மறுசோறு கேட்டுப் போட வேண்டும் என்று சொல்லிவிடுங்கள். மாமாவும் அத்தையும் கையால் சாப்பிடும்போது நீங்களும் கையாலேயே சாப்பிடுங்கள், அதன்பின் அவர்களுக்குக் கூச்சம் இருக்காது.

கேள்வி: பில்லில் ஜி.எஸ்.டி.யோடு சேவைக் கட்டணம் என்று 10 சதவீதம் சேர்த்திருந்தார்கள். கொடுத்தே ஆக வேண்டுமா?
– வாசகர், தஞ்சாவூர்

பதில்: ஜி.எஸ்.டி. வரி, அதைக் கட்டியாக வேண்டும். தனி உணவகமாயின் பொதுவாக 5 சதவீதம், நாளொன்றுக்கு 7,500 ரூபாய்க்கு மேல் அறை வாடகை வாங்கும் ஓட்டலுக்குள் இருக்கும் உணவகமாயின் 18 சதவீதம். சேவைக் கட்டணம் அப்படியல்ல. அதைத் தானாகப் பில்லில் சேர்க்கக் கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலையில் வழிகாட்டுதல் வெளியிட்டது, தில்லி உயர் நீதிமன்றமும் 2025 மார்ச்சில் அதை உறுதி செய்தது. நீக்கித் தரும்படி பணிவாகக் கேளுங்கள். மறுத்தால் பில்லைப் பத்திரப்படுத்திக்கொண்டு, 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் செய்யுங்கள். பரிமாறியவருக்கு மனமுவந்து ஏதேனும் தர விரும்பினால், அதை அவர் கையிலேயே கொடுத்துவிடுங்கள்.