கேட்டுப் படிக்கிறவன்

அன்புள்ள ஆசிரியருக்கு,

என் மகனுக்கு ஒன்பது வயது. டிஸ்லெக்சியா என்னும் வாசிப்புக் குறைபாடும் கவனக்குறைபாடும் இருப்பதாகச் சோதனையில் தெரிந்திருக்கிறது. பாடத்தை நான் வாசித்துக் காட்டினால் அப்படியே திருப்பிச் சொல்வான். அதனால் சோம்பேறியாகிவிடுவான் என்று வீட்டுப் பெரியவர்கள் சொன்னதால் ஒரு மாதமாக நிறுத்திவிட்டேன். இந்தக் குறைபாட்டின் பெயரை அவனிடம் சொல்லலாமா? வண்ணக் கண்ணாடி அணிந்தால் சரியாகும் என்கிறார்களே?
ச.

அன்புள்ள ச.,

வண்ணக் கண்ணாடிக்குப் பணத்தைக் கொட்டாதீர்கள். டிஸ்லெக்சியா கண்ணின் கோளாறு அல்ல. பெரும்பாலும் அது சொல்லை ஒலிகளாகப் பிரித்து எழுத்துகளோடு இணைப்பதில் உள்ள சிரமம். பெயரைப் பற்றிப் பிறகு சொல்கிறேன். போகிறபோக்கில் நீங்கள் எழுதிய ஒரு வரிதான் இரண்டு நாட்களாக என்னை அலைக்கழிக்கிறது: வாசித்துக் காட்டுவதை நிறுத்திவிட்டீர்கள்.

ஏன் நிறுத்தினீர்கள்? கேட்டால் புரிகிறது என்று கண்கூடாகத் தெரிந்த பிறகும், இருக்கிற ஒரே திறந்த கதவை உங்கள் கையாலேயே சாத்திவிட்டு, எனக்குக் கடிதம் எழுதுகிறீர்கள்.

1896இல் பிரிங்கிள் மார்கன் என்னும் ஆங்கிலேய மருத்துவர், 14 வயதுச் சிறுவன் ஒருவனைப் பற்றி மருத்துவ இதழில் எழுதினார். 749ஐ 867ஆல் சட்டென்று பிழையின்றிப் பெருக்கிய அந்தப் பையன், தன் பெயரை எழுதுகையில் எழுத்துகளை இடம்மாற்றிப் போட்டான். பாடமெல்லாம் வாய்மொழியாகவே நடந்தால் பள்ளியிலேயே கெட்டிக்காரன் இவனாகத்தான் இருப்பான் என்று அவனுடைய ஆசிரியர் கூறியதையும் மார்கன் பதிந்திருக்கிறார். அந்த ஆசிரியர் அவனைச் சோம்பேறி என்று சொல்லவில்லை என்பதைக் கவனியுங்கள்.

எழுத்துக் கூட்டுவதிலேயே முழுக் கவனமும் தீர்ந்துபோகிற பிள்ளைக்கு, வாக்கியத்தின் முடிவுக்கு வரும்போது தொடக்கம் மறந்திருக்கும். கவனத்தைப் பிடித்து நிறுத்துவதே பாடாக இருப்பவனுக்கு இது இரட்டைச் சுமை. ஒலியையும் எழுத்தையும் படிப்படியாக இணைத்துக் கற்பிக்கும் பயிற்சி அவனுக்குக் கட்டாயம் வேண்டும். காது அதற்கு ஈடாகாது. ஆனால் அந்தப் பயிற்சி பலன் தரும்வரை அவனுடைய அறிவு பட்டினி கிடக்க வேண்டுமா? 'கல்வி கேள்விகளில் சிறந்தவர்' என்கிறோமே, அந்தக் கேள்வி வினா அல்ல, கேட்டல்.

என் தம்பிக்கு இரவில் நான்தான் பாடம் வாசித்துக் காட்டுவேன். அவன் உட்கார மாட்டான். பந்தைச் சுவரில் எறிந்து பிடித்தபடியே கேட்பான். ஒருநாள் வகுப்பில் அவனை வாசிக்கச் சொன்னார்கள். வரிகளின் கீழே விரலை நகர்த்தியபடி பாடம் முழுவதையும் பிசகாமல் ஒப்பித்தவன், பக்கத்தைத் திருப்ப மறந்துவிட்டான். அன்று வாங்கிய அடியின் தழும்பு கையில் சில நாள் இருந்தது. "நீ வாசித்துக் காட்டித்தான் அவனைக் கெடுத்தாய்" என்று அப்பா என்னைத் திட்டினார், நானும் நிறுத்திவிட்டேன். பிறகு சில இரவுகள் அவன் புத்தகத்தோடு வந்து என் அருகில் நின்றான். நான் உறங்குவதுபோல் கிடந்தேன். எனக்கு அப்போது 13 வயது. உங்களுக்கு அந்தச் சாக்கு கிடையாது.

பெயரைத் தாராளமாகச் சொல்லுங்கள். மக்கு, சோம்பேறி என்ற பெயர்களை இதற்குள் யாராவது சொல்லி அவன் கேட்டிருப்பான். இன்றிரவே, ஒரு மாதத்துக்கு முன் விட்ட இடத்திலிருந்து வாசியுங்கள். எந்தப் பக்கம் என்று அவனிடமே கேளுங்கள்.