உபுண்டு 24.04-க்கு மாறியதும் வைஃபை போனது பற்றி

தம்பி, தலவாக்கலையில் இருந்து எழுதியிருந்தீர்கள்: கம்ப்யூட்டரை இயக்கும் உபுண்டுவை 22.04-இலிருந்து 24.04 ஆக்கியதும் யூஎஸ்பி வைஃபை டாங்கிள் வேலை செய்யவில்லை, ஏ.எல். (உயர்தர) பாடங்களும் நின்றுவிட்டன என்று. டாங்கிள் பழுதாகியிருக்காது. புதிது வாங்க ஹட்டனுக்கு பஸ் ஏற வேண்டாம்.

உங்கள் ரியல்டெக் 8812பியூ சிப்புக்குப் பழைய 5.15 கெர்னலில் (உபுண்டுவின் மையப் பகுதி) டிரைவர் (சாதனத்தை இயக்கும் மென்பொருள்) இல்லை. அதனால்தான் கடையில் வெளியிலிருந்து ஒன்றை எடுத்துக் கம்பைல் செய்து போட்டிருக்கிறார்கள். அது அந்தக் கெர்னலுக்கு மட்டும் அளவெடுத்துத் தைத்த சட்டை. இப்போது வந்திருப்பது 6.8.

நல்ல விஷயம், 6.2-இலிருந்தே இந்தச் சிப்புக்கு டிரைவர் கெர்னலுக்குள்ளேயே இருக்கிறது. ஆனால் வெளி டிரைவரைப் போடும்போது, இரண்டும் மோதாமல் இருக்க உள் டிரைவரைத் தடுத்து வைப்பது வழக்கம். 'மோட்புரோப்.டி' (/etc/modprobe.d) ஃபோல்டரில் உள்ள ஃபைல்களைத் திறந்து பாருங்கள். 'பிளாக்லிஸ்ட்' (தடு) என்று தொடங்கி 8822பியூ (உங்கள் சிப்புக்கான உள் டிரைவரின் பெயர் இப்படித்தான் முடியும்) என்று முடியும் வரி இருந்தால் எடுத்துவிடுங்கள். பழைய டிரைவரையும் நீக்கிவிட்டு ரீஸ்டார்ட் செய்யுங்கள்.

அதுவரை போனை யூஎஸ்பி வயரில் மாட்டி டெதரிங் போடுங்கள் (போனின் இணையத்தைக் கம்ப்யூட்டருக்குக் கொடுப்பது), தனி டிரைவர் எதுவும் தேவையில்லை. டேட்டா இல்லையென்றால், கம்ப்யூட்டர் தொடங்கும்போது வரும் கிரப் மெனுவில் பழைய கெர்னலைத் தேர்ந்தெடுத்தால் அன்றைக்குப் பாடம் பார்க்கலாம். அதனால் பழைய கெர்னலை நீக்கிவிடக்கூடிய 'ஆட்டோரிமூவ்' கட்டளையை இப்போது கொடுக்காதீர்கள்.

அப்கிரேட் கருவி வெளி மென்பொருள் மூலங்களை நிறுத்தியதாகச் சொல்கிறது. கையால் போட்ட டிரைவரைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. வீட்டில் ஒரே இணைப்பு வைத்திருப்பவருக்கு முதலில் சொல்ல வேண்டியதே அதுதான்.

சரிவரவில்லை என்றால் 'டிமெசேஜ்' (dmesg) கட்டளை காட்டும் கெர்னல் செய்திகளின் கடைசி வரிகளைப் போடுங்கள், பார்க்கிறேன்.