மசாலா பாக்கெட்டுக்குச் சிவப்புதான் பொருத்தமா?

கேள்வி: வீட்டில் சாம்பார் பொடி அரைத்து விற்கிறேன். சிவப்பு பசியைத் தூண்டும், நீலம் அடக்கும் என்கிறார் லேபிள் செய்பவர். பாக்கெட் சிவப்பாகத்தான் இருக்க வேண்டுமா?
– வாசகி, ஈரோடு

பதில்: அப்படி விதி எதுவும் இல்லை. நிறத்துக்குப் பொருள் பெரும்பாலும் பழக்கத்தில் வருவது. ஆவின் பாலில் நீலம் என்றால் 3 சதவீதக் கொழுப்பு, ஆரஞ்சு என்றால் 6 என்று பழகியிருக்கிறோம். நீலப் பாக்கெட்டைப் பார்த்து யாருக்கும் காபி ஆசை அடங்கிவிடுவதில்லை!

மசாலா அலமாரியில் ஏற்கெனவே சிவப்பும் மஞ்சளும்தான் நிறைந்திருக்கும். உங்கள் சிவப்பும் அதில் கரைந்துபோகும். அதற்காக முழு நீலத்துக்குத் தாவினால் சோப்புத்தூள் என்று நினைத்துக் கடந்துவிடுவார்கள். சந்தன நிற அடி, அதன்மேல் அடர்பச்சைப் பெயர்ப்பட்டை, வெள்ளை எழுத்து என்று ஆரம்பிக்கலாம். லேபிளை அசல் அளவில் அச்செடுத்து பாக்கெட்டில் ஒட்டி, தெரிந்த கடையில் மற்றவற்றுக்கு நடுவே வையுங்கள். ஆறடி தள்ளி நின்று செல்போனில் படமெடுத்து, அதைக் கறுப்பு வெள்ளையாக மாற்றுங்கள். பெயர் படிக்க முடியவில்லையா? எழுத்துக்கும் அடிநிறத்துக்கும் வெளிர்–அடர் வித்தியாசம் போதவில்லை. சிவப்பின்மேல் பச்சை எழுத்து பெரும்பாலும் இங்கேதான் தோற்கும்.

கேள்வி: கணினியில் பளிச்சென்றிருந்த ஆரஞ்சு, அச்சில் மங்கிவிட்டதே?
– வாசகர், சிவகாசி

பதில்: திரை ஒளியைக் கலக்கிறது, அச்சகம் மையைக் கலக்கிறது. பளீர் ஆரஞ்சும் கிளிப்பச்சையும் வழக்கமான நான்கு மைகளில் முழுதாக வராது. ஃபைலை முதலிலிருந்தே சிஎம்ஒய்கே (நீலம், மெஜந்தா, மஞ்சள், கறுப்பு என்ற அந்த நான்கு மைகளின்) முறையில் செய்யச் சொல்லுங்கள். அதே ஆரஞ்சுதான் வேண்டுமென்றால் ஸ்பாட் கலர், அதாவது அந்த நிறத்துக்கென்றே தனியாகக் கலந்த மை, கேளுங்கள், செலவு கூடும். பழுப்பு கிராஃப்ட் தாளானால் அடியில் வெள்ளை மை அவசியம், இல்லாவிட்டால் மஞ்சள் சேற்று நிறமாகிவிடும். மேட் லேமினேஷனும் (பளபளப்பில்லாத மேலுறை) நிறத்தைச் சற்று அமுக்கும் என்பதால், லேமினேஷன் போட்ட மாதிரியைப் பார்த்த பிறகே ஒப்புதல் கொடுங்கள். பொடி எழுத்துகளைக் கறுப்பு மை ஒன்றில் மட்டும் அடிக்கச் சொல்லுங்கள். நான்கு மையும் சேர்ந்தால், அச்சு இம்மி விலகினாலும் மெய்யெழுத்தின் புள்ளி காணாமல்போய், ‘ண’வின் சுழி அடைத்துக்கொள்ளும்.

கேள்வி: காரம் அதிகமானதற்குச் சிவப்பு மூடி, குறைவானதற்குப் பச்சை மூடி. போதுமா?
– வாசகி, மதுரை

பதில்: போதாது. சிவப்பு, பச்சையைப் பிரித்தறிய முடியாதவர்கள் உண்டு, ஆண்களில் அதிகம். உணவு லேபிளின் அசைவக் குறியையே பாருங்கள்: பழுப்பு வட்டமாக இருந்தது, 2020 விதிமுறைகளில் பழுப்பு முக்கோணமாயிற்று. சைவத்தின் பச்சை வட்டத்திலிருந்து இப்போது வடிவத்தாலும் பிரித்துவிடலாம். நீங்களும் மூடியில் ஒரு மிளகாய், மூன்று மிளகாய் என்று படம் போடுங்கள். தவிர, பச்சை மூடியைப் பார்த்தால் சிலருக்குப் பச்சை மிளகாய்தான் ஞாபகம் வரும்.