அம்மாவின் களைப்புக்கு எந்த மாத்திரை?

அன்புள்ள ஐயா,

சுங்கை சிப்புட்டிலிருந்து எழுதுகிறேன். வயது 46. ஈப்போ பக்கம் ஒரு தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை. அம்மாவுக்கு 68, தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். பத்து வருடத்துக்கு மேலாக இனிப்புநீருக்கு (சர்க்கரை நோய்) மெட்ஃபார்மின் மாத்திரை சாப்பிடுகிறார். அப்பா போனதிலிருந்து முழு சைவம். இப்போது எந்நேரமும் சோர்வாக இருக்கிறார், பாதம் மரத்துப்போகிறது என்கிறார். எனக்கும் மாதவிலக்கு நாட்களில் எழுந்து நின்றால் கண் இருட்டுகிறது. எதிர்வீட்டு அக்கா என்.எம்.என். என்று ஒரு கேப்சூல் விற்கிறார். "செல்லுக்குள்ள போய் வயசைக் குறைக்கும், நானும் அதைத்தான் சாப்பிடுறேன்" என்கிறார். எங்கள் இருவருக்கும் சேர்த்து மாதம் 400 வெள்ளி ஆகும். அப்பா இறந்தபோது பதினாறு நாளும் வீட்டுக்குச் சோறு பொங்கிப் போட்டவர் அவர். வேண்டாம் என்று சொல்ல வாய் வரவில்லை. வாங்கலாமா?

ஒரு வாசகி

அன்புள்ள சகோதரி,

வாங்க வேண்டாம். ஏன் என்று அப்புறம் சொல்கிறேன். அதைவிட அவசரமான விஷயம் உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது.

பல வருட மெட்ஃபார்மின், முழு சைவம், சோர்வு, மரத்துப்போகும் பாதம். இந்த நான்கும் ஒருவரிடம் சேர்ந்திருந்தால் முதலில் சந்தேகப்பட வேண்டியது வைட்டமின் பி12 குறைவு. மெட்ஃபார்மின் நல்ல மருந்து, அதை நிறுத்திவிடாதீர்கள். ஆனால் நீண்ட நாள் சாப்பிடுகிறவர்களுக்குக் குடல் பி12-ஐ உறிஞ்சுவது குறையலாம். அந்தச் சத்து மீன், இறைச்சி, முட்டை, பால் போன்றவற்றில்தான் கிடைக்கிறது. அம்மா அதில் பெரும்பகுதியை விட்டுவிட்டார். 2022-இல் பிரிட்டனின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு, மெட்ஃபார்மின் எடுப்பவர்களுக்கு இந்த அறிகுறிகள் தெரிந்தால் பி12 அளவைச் சோதிக்க வேண்டும் என்று மருத்துவர்களுக்கு அறிவுறுத்தியது. கால் மரத்தால் "எல்லாம் சக்கரை வேலை" என்று நாமே முடிவு கட்டிவிடுகிறோம். சர்க்கரையாலும் மரக்கும், பி12 குறைந்தாலும் மரக்கும். இரண்டாவதை ஊசியோ மாத்திரையோ கொடுத்துச் சரிசெய்யலாம். கவனிக்காமல் நாள் கடத்தினால் நரம்புச் சேதம் நிரந்தரமாகிவிடலாம். அடுத்த முறை அரசாங்க கிளினிக்குக்கு மருந்து வாங்கப் போகும்போது, "மெட்ஃபார்மின் பத்து வருஷம், சைவம், கால் மரக்குது" என்று மூன்றையும் ஒன்றாகச் சொல்லச் சொல்லுங்கள். முடிந்தால் நீங்களே கூடப் போங்கள். நம் அம்மாக்கள் டாக்டர் முன்னால் உட்கார்ந்தால் "ஒன்னும் இல்ல டாக்டர், நல்லாதான் இருக்கேன்" என்று சொல்லிவிட்டு எழுந்துவிடுவார்கள்.

உங்கள் கண் இருட்டுவதற்கும் ரத்தம் சோதிக்க வேண்டும். ஹீமோகுளோபின், இரும்புச் சத்து, தைராய்டு, சர்க்கரை. கர்ப்பமாக இல்லாத பெண்ணுக்கு ஹீமோகுளோபின் 12-க்குக் கீழே போனால் ரத்தசோகை என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. 46 வயதில் மாதவிலக்கு அதிகமாகப் போனால் அதையும் மறைக்காமல் சொல்லுங்கள். சாப்பாட்டோடு தே தாரிக் குடிக்கும் பழக்கம் இருந்தால் ஒரு மணி நேரம் தள்ளி வையுங்கள். தேநீர் உணவிலுள்ள இரும்பை உடம்பில் சேர விடாது. பெரட்டுக்கு, அதாவது தோட்டத்து விடிகாலை ஆள்கணக்குக்கு, இருட்டில் எழுந்து, வெட்டி, பால் சுமந்து, வந்து சமைத்த தலைமுறை நம்முடையது. களைப்பு என்றாலே "வயசாச்சில்ல" என்று சொல்லிப் பழகிவிட்டோம். நாற்பதைத் தாண்டிய பெண்ணின் களைப்பை யாரும் நோயாகக்கூட மதிப்பதில்லை என்பது எனக்கு ஆறாத கோபம். அந்த இடத்தில்தான் கேப்சூல் டப்பா வந்து உட்காருகிறது.

சரி, அந்த டப்பாவுக்கு வருவோம். உணவை ஆற்றலாக மாற்ற நம் செல்களுக்கு என்.ஏ.டி. என்ற பொருள் தேவை. வயதாக ஆகப் பல திசுக்களில் அது குறைவதாக ஆய்வுகள் சொல்கின்றன. என்.எம்.என். சாப்பிட்டால் ரத்தத்தில் அது கூடுகிறது. அக்கா சொல்வதில் இந்த அளவுக்கு உண்மை இருக்கிறது. எலிகளிடம் நல்ல பலனும் தெரிந்தது. மனிதர்களில்? 2021-இல் அமெரிக்காவில், மாதவிலக்கு நின்ற, சர்க்கரை வரும் விளிம்பில் இருந்த 25 பெண்களிடம் சோதித்தார்கள். பத்து வாரம், தினம் 250 மில்லிகிராம். தசைகளில் இன்சுலின் வேலை செய்வது சற்று மேம்பட்டது. எடையோ ரத்த அழுத்தமோ மாறவில்லை. இதனால் மனிதருக்கு வயதாவது தாமதமாகும் என்று இன்றுவரை எந்தச் சோதனையும் நிரூபிக்கவில்லை. இதற்கு முன்பு திராட்சைத் தோலிலுள்ள ரெஸ்வெராட்ரால் இப்படித்தான் பேசப்பட்டது. அந்த வழியில் மருந்து தேடிய சர்ட்ரிஸ் நிறுவனத்தை 2008-இல் கிளாக்ஸோ என்ற பெரிய மருந்து நிறுவனம் 720 மில்லியன் டாலருக்கு வாங்கியது; ஐந்தே வருடத்தில் அதன் அலுவலகத்தை மூடிவிட்டது.

"சத்துதானே, பலன் இல்லாவிட்டாலும் கெடுதல் இல்லையே" என்று சொல்வார்கள். பின்லாந்தில் புகைபிடிக்கும் 29,000-க்கும் மேற்பட்ட ஆண்களை வைத்து ஒரு சோதனை நடந்தது. பீட்டா கரோட்டின் சாப்பிட்டவர்களுக்கு நுரையீரல் புற்றுநோய் 18 விழுக்காடு அதிகமாக வந்தது என்று 1994-இல் முடிவு வெளியானது. கேரட்டில் இருக்கும் அதே சத்துதான்.

இன்னொன்று. இரண்டே நாளில் மூட்டுவலி பறந்து, பசி எடுத்து, தெம்பு பொங்குகிறது என்றால் அந்தப் பொட்டலத்தைக் கண்டு பயப்படுங்கள். அப்படிப்பட்ட சில ஜாமு, மூலிகைப் பொருள்களில் டெக்ஸாமெதாசோன் என்ற ஸ்டீராய்டு கலந்திருப்பதை மலேசியச் சுகாதார அமைச்சு பலமுறை கண்டுபிடித்திருக்கிறது. முகம் வீங்கும், சர்க்கரை எகிறும். ஏற்கெனவே சாப்பிட்டு வருபவர்கள் சட்டென்று நிறுத்துவதும் ஆபத்து. பொட்டலத்தோடு டாக்டரிடம் போக வேண்டும். எதை வாங்கினாலும் டப்பாவில் 'மால்' (MAL) என்று தொடங்கும் பதிவு எண்ணைப் பாருங்கள்: எட்டு இலக்கம், கடைசியில் எழுத்து. சத்து மாத்திரைக்கு 'என்' (N), பாரம்பரிய மருந்துக்கு 'டி' (T). மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையின் இணையதளத்தில் அந்த எண்ணைத் தட்டிச் சரிபார்க்கலாம். உணவு என்ற பெயரில் விற்பவை இந்தப் பதிவுக்குள் வராது.

அம்மாவின் தெம்புக்கு ஒரு வழி சொல்கிறேன். அமெரிக்காவில் 70 முதல் 89 வயது வரையான 1,635 பேரைச் சோதித்தார்கள். நடையும் எளிய உடற்பயிற்சியும் செய்தவர்களுக்கு, நடமாட்டத்தை இழக்கும் ஆபத்து மற்றவர்களைவிட 18 விழுக்காடு குறைவு. அம்மா நாற்காலியில் கையை ஊன்றாமல் பத்து தடவை உட்கார்ந்து எழட்டும். சோயாவில் செய்த தௌஹு, தெம்பே, அதோடு பருப்பு, தயிர் நன்றாகச் சாப்பிடட்டும். குறைந்தபட்சச் சம்பளமே 1,700 வெள்ளி இருக்கும் நாட்டில் 400 வெள்ளி சின்னப் பணமில்லை. அதில் கால்வாசி போதும் இதற்கு.

அக்காவைப் பற்றி எழுதியிருந்தீர்கள். அவர் உங்களை ஏமாற்ற நினைப்பவரில்லை. தானே நம்பித்தான் சாப்பிடுகிறார், அதற்கு அவரும் மாதாமாதம் காசு கொடுக்கிறார். "அக்கா, முதல்ல ரத்தம் சோதிச்சுட்டு வர்றோம், அப்புறம் பேசலாம்" என்று சொல்லுங்கள், அது பொய்யில்லை. போகும்போது அவரையும் கூப்பிடுங்கள். அவருக்கும் வயது ஏறுகிறது, அவருடைய களைப்பையும் யாராவது சோதித்துப் பார்க்க வேண்டும். அரசாங்க கிளினிக்கில் பதிவுக்கு ஒரு வெள்ளிதான்.