ஸ்கூல்லயும் வேலை பாக்கற எடத்துலயும் ஓட்டி ஓட்டி நோகடிச்சா அந்த பாதிப்பு எவ்ளோ காலத்துக்கு இருக்கும்?

"வளந்தா எல்லாம் சரியாயிடும்னு வீட்ல சொல்றாங்களே, உண்மையா?"ன்னும் சேத்து கேட்டிருக்கீங்க. எல்லாருக்கும் தானா சரியாயிடறதில்லங்க. நடந்தது மறந்து போவலாம், ஓட்டுனவன் பேரு கூட மறந்து போவலாம், ஆனா அப்ப பழகுன பயம் பல பேருக்கு அப்படியே நின்னுடும். எந்த காலேஜ்ல எடம் கெடச்சும் சேரல, எந்த இன்டர்வியூக்கு பஸ் ஏறல, எந்த சொந்தக்காரங்க கல்யாணத்துக்கு தலைவலின்னு சொல்லி வராம இருந்துட்டாங்கன்னு பாத்தா அது தெரியும். ஊர்ல அதுக்கு "அவன் சுபாவமே அப்படிதான்"னு பேரு வெச்சிடுவாங்க.

பிரிட்டன்ல 1958ல ஒரே வாரத்துல பொறந்த குழந்தைங்கள அவங்க வாழ்நாள் பூரா ஒரு ஆய்வுல பின்தொடர்ந்துகிட்டே வந்தாங்க. 7 வயசுலயும் 11 வயசுலயும் இவங்கள மத்த பசங்க கொடுமை பண்றாங்களான்னு பெத்தவங்க கிட்ட கேட்டு குறிச்சு வெச்சது, 50 வயசு வரைக்கும் எப்படி இருக்காங்கன்னு லண்டன் கிங்ஸ் காலேஜ்காரங்க பாத்து 2014ல வெளியிட்டாங்க, 7,700 பேருக்கு மேல. அடிக்கடி கொடுமைப்பட்ட பசங்களுக்கு 45 வயசுலயும் மனச்சோர்வு, பதட்டம் மத்தவங்கள விட அதிகம், 50 வயசுல கூட இருக்கற மனுஷங்களும் கம்மி. வீட்டு வசதி, அந்த பசங்களோட அறிவுத்திறன் இதையெல்லாம் கணக்குல எடுத்து பாத்தும் அப்படித்தான் வந்துது. அதனால "சின்ன பசங்க விளையாட்டு"ன்னு யாராச்சும் சொன்னா நான் ஒத்துக்க மாட்டேன்.

நான் கிருஷ்ணகிரி பக்கம். தளி, தேன்கனிக்கோட்டை, வேப்பனப்பள்ளி, ராயக்கோட்டைன்னு இந்த பக்கம் நெறைய வீட்ல தெலுங்கோ கன்னடமோதான் பேச்சு, எங்க வீட்ல தெலுங்கு. அஞ்சாவது வரைக்கும் ஊர் ஸ்கூல், எல்லாரும் ஒரே மாதிரி பேசுவோம், ஒண்ணும் தெரியல. ஆறாவதுக்கு டவுன்ல சேத்துட்டாங்க. அங்க தமிழ் பாடத்த எழுந்து நின்னு வாசிக்க சொன்னா எனக்கு இழுத்து இழுத்துதான் வரும், ழ வரவே வராது, கிளாஸே சிரிக்கும். பசங்க சிரிச்சத கூட தாங்கிக்கலாம், சாரும் கூட சேந்து சிரிச்சிட்டு "இன்னொரு தடவ படி"ன்னு சொன்னாரு பாருங்க, அன்னைக்குதான் இத யார் கிட்டயும் சொல்ல முடியாதுன்னு மனசுல விழுந்துது. அப்புறம் ஞாயித்துக்கிழமை சாயந்தரம் ஆனா வயித்து வலி வந்துடும். எங்கம்மா மந்திரிச்சு கயிறு கட்டினாங்க, அப்புறம் ஜிஎச்ல ஸ்கேன் எடுத்தாங்க, எல்லாம் நார்மல். நான் நடிக்கறேன்னு எங்கப்பா திட்டுனாரு. அது நடிப்பு கெடையாதுங்க, பயம் வயித்துல வலியா வர்றது பசங்களுக்கு ரொம்ப சாதாரணமா நடக்கறது. லீவு நாள்ல வலி வராம ஸ்கூல் தொறக்கற நாளுக்கு முந்துன ராத்திரி மட்டும் வருதுன்னா, டாக்டர் கிட்ட காட்டுங்க, கூடவே ஸ்கூல்ல என்ன நடக்குதுன்னும் கேளுங்க.

இதுல யாரும் கவனிக்காத ஒண்ணு இருக்கு. கிளாஸ்ல உக்காந்துருக்கற அந்த பையனோட பாதி மனசு போர்டுல இருக்காது, பின்னாடி யார் சிரிக்கறாங்க, அடுத்து என்ன பண்ணுவாங்கன்னு அதுலயே போயிடும். மார்க் கொறையும். மார்க் கொறஞ்சதும் மக்குன்னு சொல்லி இன்னும் ஓட்டுவாங்க. ஓட்டறவன் அவனுக்கு தேவையான சாட்சிய அவனே உண்டாக்கிக்கறான்.

இப்ப ஓசூர்ல ஒரு கம்பெனில லைன்ல வேலை பாக்கறேன், இங்கயும் அதேதான் நடக்குது. தருமபுரி, அரூர், பென்னாகரம் பக்கத்துலருந்து ட்ரெய்னியா, கான்ட்ராக்ட்ல வர்ற புள்ளைங்க ஹாஸ்டல்ல தங்கி கம்பெனி பஸ்ல வருவாங்க. பாத்ரூம் போக, அந்த நேரம் எடத்துல நிக்க ஒரு ஆளு (ரிலீவர்) கேட்டா பத்து பேர் முன்னாடி சூப்பர்வைசர் சத்தம் போடறது, எதுத்து ஒரு வார்த்த கேட்டுட்டா மாசக்கணக்கா நைட் ஷிஃப்ட், ஓவர்டைம் (ஓடி) லிஸ்ட்லருந்து பேர எடுத்துடறது, வாட்ஸ்அப் குரூப்ல போட்டோ போட்டு கலாய்க்கறது, கேன்டீன்ல அந்த டேபிள்ல யாரும் போய் உக்காராம பாத்துக்கறது. கொஞ்ச நாள்ல அந்த புள்ளைக்கு தூக்கம் போயிடும், கை நடுங்கும், செய்யற பொருள் தப்பாகி ரிஜெக்‌ஷன் ஏறும். அப்புறம் என்ன, சூப்பர்வைசர் சொல்வாரு, "நான்தான் சொன்னனே, இது வேலைக்கு ஆகாதுன்னு". கடைசில ராஜினாமா பேப்பர் போட்டுட்டு ஊருக்கு போயிடும், ஊர்ல "ஒரு வேலைல நிக்க மாட்டேங்குது"ன்னு பேசுவாங்க. சும்மா திட்டு வாங்கறதுக்கும் இதுக்கும் வித்தியாசம் இருக்கு. ஸ்வீடன்ல ஹெய்ன்ஸ் லேமன்னு ஒரு உளவியலாளர் 1980கள்லயே இத ஆராய்ச்சி பண்ணிருக்காரு, பல பேர் சேந்து ஒருத்தர மாசக்கணக்கா ஒதுக்கி ஒதுக்கி வேலைய விட்டே தொரத்தறத தனி விஷயமாவே பாத்தாரு.

ஃப்ரெண்ட்ஸுக்குள்ள கலாய்க்கறதே தப்பான்னு கேப்பீங்க. தப்பில்ல. டான் ஓல்வியஸ்னு ஸ்காண்டிநேவியால (ஸ்வீடன், நார்வே பக்கம்) 1970கள்லருந்து ஸ்கூல் பசங்கள ஆராய்ச்சி பண்ணவரு மூணு விஷயம் பாக்க சொல்றாரு, வேணும்னே பண்றாங்களா, திரும்ப திரும்ப நடக்குதா, பலம் ஒரு பக்கமே இருக்கா. நான் கடைசிய மட்டும்தான் மொதல்ல பாப்பேன். இவன் திருப்பி ஓட்டுனா அவங்களும் சிரிப்பாங்களா, இல்ல அடி விழுமா? ட்ரெய்னி சூப்பர்வைசர திருப்பி ஓட்ட முடியுமா?

நம்ம ஊர்ல இதுக்குள்ள ஜாதியும் இருக்கு. "எந்த ஊரு, ஊர்ல எந்த பக்கம்?"னு கேக்கறது எதுக்குன்னு கேக்கறவனுக்கும் தெரியும், பதில் சொல்றவனுக்கும் தெரியும். 2023ல நாங்குநேரில ஒரு மாணவன கூடப் படிக்கற பசங்களே வீடு புகுந்து வெட்டுன அப்புறம் ஓய்வு பெத்த நீதிபதி சந்துருவ வெச்சு ஒரு நபர் குழு போட்டு, 2024 ஜூன்ல அறிக்கை வந்துது, ஸ்கூல்ல ஜாதிக் கயிறு கூடாதுன்னு அதுல இருக்கு. அது தெற்க நடக்கற கதைன்னு இங்க யாரும் நிம்மதியா இருந்துட முடியாது. ஜாதி சொல்லி இழிவு பண்ணா 1989 வன்கொடுமை சட்டம் இருக்கு, எஸ்சி எஸ்டி மக்கள் கம்ப்ளெய்ன்ட் குடுக்கலாம்.

என்ன பண்றதுன்னு கேட்டா, ஸ்கூல்னா வாத்தியார் மனசு நோகற மாதிரி பேசறதே 2009 கல்வி உரிமை சட்டம் 17வது பிரிவுல தடை. ராகிங்குக்கு தமிழ்நாட்ல 1997லயே சட்டம் வந்துடுச்சு. ஹெட்மாஸ்டர் கேக்கலன்னா பள்ளிக்கல்வி உதவி நம்பர் 14417க்கு, இல்ல குழந்தைங்க உதவி நம்பர் 1098க்கு போன் பண்ணுங்க. மனசு ரொம்ப பாரமா இருந்தா, உயிரோட இருக்கவே புடிக்கலன்னு தோணுனா மனநல உதவி நம்பர் 14416, காசு கெடையாது, தமிழ்லயே பேசலாம், ராத்திரியும் எடுப்பாங்க. ஜிஎச்ல மனநல டாக்டரயும் பாக்கலாம், ஓபி சீட்டு போட்டா போதும்.

வேலைல கொஞ்சம் கஷ்டம். பொண்ணுங்களுக்கு பாலியல் தொல்லைன்னா 2013 சட்டப்படி 10 பேரோ அதுக்கு மேலயோ வேலை செய்யற எடத்துல உள்ளக புகார் குழு இருக்கணும், அங்க எழுதி குடுங்க. மத்த டார்ச்சருக்குன்னு தனியா ஒரு சட்டம் நம்ம நாட்ல இன்னும் இல்ல, அது வரணும்னு நான் நெனைக்கறேன். அதனால எழுத்துதான் உங்களுக்கு பலம். என்னைக்கு, எத்தன மணிக்கு, யார் முன்னாடி என்ன சொன்னாங்கன்னு ஒரு நோட்ல அன்னன்னைக்கே எழுதிடுங்க, வாட்ஸ்அப்ப ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வீட்டு ஆளுங்க யாருக்காச்சும் அனுப்பி வெச்சிடுங்க, எச்ஆருக்கு வாயால சொல்லாம மெயில் போடுங்க. அப்பவும் முடியலன்னு வேலைய விடறதா இருந்தா வேற எடம் பாத்து வெச்சிட்டு விடுங்க, கோவத்துல பாதில நின்னுடாதீங்க, நோட்டீஸ் பீரியட் முடிச்சு ரிலீவிங் லெட்டர கையில வாங்கிட்டு வாங்க, அடுத்த கம்பெனில மொதல்ல அதத்தான் கேப்பாங்க.